மூக்கணாங்கயிறு இல்லாத எருதுகள்

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் தடத்தில் கூண்டு வண்டி கட்டிப் போன குடியேறிகளைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் எழுதிவருகிறேன். 1852-இல் மிசூரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கிளம்பும் ஒரு கற்பனைக் குடும்பம்; 14 வயது மகள் கதை சொல்கிறாள். வரைவைப் படித்த என் கணவர், "வரலாற்றுப் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது, நகரவே மாட்டேன் என்கிறது" என்றார். வரலாறு படித்த தோழியோ, "இதெல்லாம் நடக்கவே இல்லையே" என்றாள். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். உண்மை எதுவரை, கற்பனை எதிலிருந்து? நிஜ மனிதர்களைக் கதைக்குள் கொண்டுவரலாமா? இன்னொன்று: என் பெண் வழியில் கண்ட புதைகுழிகளைத் தினமும் எண்ணி நாட்குறிப்பில் எழுதுகிறாள். தம்பி காலராவில் இறந்த அன்று எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து எழுதிவிடுகிறாள். இப்படி யாரும் செய்ததாக ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. இந்தக் காட்சியை வைத்துக்கொள்ளலாமா? வரைவை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் வரைவை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை சும்மா, இரண்டாம் தடவை பென்சிலோடு. கணவர் சொன்னதும் சரி, தோழி சொன்னதும் சரி. இரண்டும் ஒரே கோளாறுதான். உண்மையை எல்லாம் வர்ணனையில் கொட்டிவிட்டீர்கள், சம்பவங்களைக் கற்பனையில் செய்துவிட்டீர்கள். லாரமி கோட்டையின் மதிலைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வருகிறது. கணவர் கொட்டாவி விடுகிறார். அடுத்த பக்கத்தில் குதிரை மேல் நூறு பேர் கூச்சலிட்டுக்கொண்டு பாய்கிறார்கள். தோழி தலையில் அடித்துக்கொள்கிறார். இதை அப்படியே திருப்பிப் போடச் சொல்வதுதான் என் ஆலோசனை மொத்தமும். என்ன நடந்தது என்பது ஆவணத்திலிருந்து வரட்டும். அது நடந்தபோது அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்தது என்பது உங்களிடமிருந்து வரட்டும்.

வண்டியிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் இந்தக் கதையை எழுதுகிறவருக்கு மட்டும் வரக்கூடிய ஒரு சிக்கல் அதில் இருக்கிறது. "மாட்டு வண்டி" என்று எழுதியதுமே நமக்குள் ஒரு படம் விழுந்துவிடுகிறது. உங்களுக்கும் விழுந்திருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் அப்பா முன்னால் உட்கார்ந்து மூக்கணாங்கயிற்றைச் சுண்டுகிறார், மாடுகள் வேகம் எடுக்கின்றன. ஓரிகன் தடத்து எருதுக்கு மூக்கணாங்கயிறு கிடையாது, கடிவாளமும் கிடையாது. ஓட்டுகிறவர் வண்டியில் உட்காருவதும் இல்லை. எருதுகளின் இடப்பக்கமாகக் கையில் நீளச் சாட்டையோடு கூடவே நடப்பார். வலப்பக்கம் திருப்ப "ஜீ" என்று ஒரு குரல், இடப்பக்கம் திருப்ப "ஹா" என்று ஒரு குரல். மூன்று நான்கு ஜோடி எருதுகள் அந்தக் குரலுக்குத் திரும்பும். வேகமோ மணிக்கு இரண்டு மைல்தான்.

குடும்பமும் நடந்துதான் போனது. வண்டிப் பெட்டியின் நீளம் சுமார் 10 அடி, அகலம் 4 அடி, அடியில் வில் கிடையாது. அதற்குள் ஐந்து மாதச் சாப்பாடு. நோயாளி, கைக்குழந்தை, நிறைமாதக்காரி தவிர மற்றவர்கள் 2,000 மைலில் பெரும்பகுதியைக் காலால் கடந்தார்கள். உங்கள் பெண்ணோ ஆறு பக்கம் வண்டிக்குள் உட்கார்ந்து திரைச்சீலை இடுக்கு வழியாகச் சமவெளியை ரசிக்கிறாள். இறக்கிவிடுங்கள். இறங்கிய உடனே என்ன ஆகிறது பாருங்கள். அப்பா இடப்பக்கம் நடக்கிறார். அவரோடு பேச வேண்டுமென்றால் அவளும் இடப்பக்கம் வர வேண்டும். அவர் மேல் கோபம் என்றால் வலப்பக்கம் போய்விடுவாள். நடுவில் எட்டு எருதுகளும் ஒரு வண்டியும். மூன்றாம் அத்தியாயத்தில் அப்பாவோடு அவளுக்கு மனஸ்தாபம் என்று இரண்டு பக்கம் விளக்குகிறீர்கள். "அன்று முழுக்க நான் வலப்பக்கமே நடந்தேன்" என்று ஒரு வரி போதும். அந்த வரியை எந்த ஆவணத்திலும் பார்க்க முடியாது. ஆனால் ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் நடப்பார் என்று தெரியாதவரால் அதை எழுதவும் முடியாது. கற்பனை என்று நான் சொல்வது இந்த மாதிரி வரியைத்தான்.

அடுத்தது கணக்கு. பயண நாவலில் பாரமும் நாள்காட்டியும்தான் கதைப்பின்னல் என்பது என் கட்சி. பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அன்றைய வழிகாட்டி நூல்கள் பெரியவர் ஒருவருக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி, அதற்கு மேல் காப்பி, சர்க்கரை, உப்பு என்று பட்டியல் போட்டன. ஒரு குடும்பத்துக்கு இதுவே ஏறக்குறைய ஒரு டன்னைத் தொடும், எருதுகள் தாங்குவதும் அவ்வளவுதான். உங்கள் அம்மா பாத்திரம் தேக்கு அலமாரியை ஏற்றிக்கொண்டு வருகிறார். (தேக்கு அங்கே ஏது? வால்நட் என்று திருத்திவிட்டேன்.) அலமாரி வரட்டும், பாதகமில்லை. நிஜத்திலும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லாரமி கோட்டைக்கு வருவதற்குள் அடுப்பு, அலமாரி, பட்டறைக்கல் என்று பாதையோரத்தில் இறக்கிவைத்துவிட்டும் போனார்கள். ஓரிகன் வரை அந்த அலமாரி போய்ச் சேருவதுதான் இடிக்கிறது. எந்த இடத்தில் இறக்குகிறார்கள், யார் முடிவு செய்கிறார், இழுப்பறைக்குள் இருந்தவற்றில் எது மட்டும் கூட வருகிறது என்பதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. 1856-இல் கைவண்டி இழுத்து யூட்டா போன மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டங்களில் உடுப்பும் படுக்கையும் சேர்த்து ஆளுக்கு 17 பவுண்டுதான் அனுமதி. எட்டு கிலோகூட இல்லை. இப்படி ஓர் எண் கையில் கிடைத்தால் அதைத் தகவலாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு பாத்திரத்தின் கையில் தராசைக் கொடுங்கள்.

நாள்காட்டிக்கு வருவோம். புல் முளைக்காமல் கிளம்ப முடியாது, மாட்டுக்குத் தீனி இல்லை. அதனால் ஏப்ரல் கடைசி அல்லது மே. பனி விழுவதற்குள் மலை தாண்ட வேண்டும். நாளுக்கு 15 மைல் என்றால் 2,000 மைலுக்கு 133 நாள்; ஓய்வு நாள், ஆற்றங்கரைக் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் ஐந்து மாதம். ஜூலை 4-க்குள் இன்டிபென்டென்ஸ் பாறையைத் தொட்டுவிட வேண்டும் என்று அவர்கள் வைத்திருந்த கணக்குக்கு இதுதான் காரணம். உங்கள் கதையில் தம்பிக்கு நோய் வந்ததும் வண்டித்தொடர் மொத்தமும் மூன்று வாரம் காத்திருக்கிறது. மனிதாபிமானம் சரி, ஆனால் காத்திருக்க மாட்டார்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் அந்தக் குடும்பம் மட்டும் பின்தங்கி, பின்னால் வரும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். அந்தப் பிரிவே உங்களுக்கு நல்ல காட்சி. மூன்று வாரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அந்த மூன்று வாரத்துக்கான விலையை மலையில் வாங்கியாக வேண்டும். 1846-இல் டானர் குழு ஹேஸ்டிங்ஸ் குறுக்குவழியை நம்பிப் போய் நாட்களை இழந்தது. சியாரா நெவாடா அடிவாரத்தில் பனியில் சிக்கியது. 87 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை.

என் கதை ஒன்று. பல வருஷத்துக்கு முன் நான் செம்மை பார்த்த ஒரு சரித்திர நாவலில் கதாநாயகன் பால்நிலவில் ஆறு கடந்தான். நாவல் சொல்லும் தேதிக்கு அன்று அமாவாசைக்கு மறுநாள். ஆசிரியரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. வாசகர் ஒருவர் தபால் அட்டையில் ஒரே வரி எழுதிப் போட்டார்: "அன்றைக்கு நிலா எங்கிருந்து வந்தது?" அதிலிருந்து எந்தச் சரித்திர நாவல் வந்தாலும் முதல் வேலையாக நாள் அட்டவணை ஒன்று போட்டுவிடுகிறேன். நீங்களும் ஒன்று போடுங்கள். தேதி, இடம், கடந்த மைல், நிலவு, மாடுகளின் எண்ணிக்கை. வாசகர் கண்ணில் அது படவே வேண்டாம்.

காலரா அத்தியாயத்தில் உங்கள் பெண், "தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் நோய் வராது" என்கிறாள். 1852-இல் அவளுக்கு அது எப்படித் தெரியும்? லண்டனில் பிராட் தெருக் குழாயடியை வைத்து ஜான் ஸ்னோ அதைக் காட்டியது 1854-இல். அதையும் மருத்துவ உலகம் உடனே ஏற்கவில்லை. தடத்தில் போனவர்கள் கெட்ட காற்றைக் குற்றம் சொன்னார்கள், சாப்பாட்டைக் குற்றம் சொன்னார்கள், லாடனம் என்ற அபின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். காலையில் நன்றாக இருந்தவன் இருட்டுவதற்குள் போய்விடுவான். புத்திசாலிக் கதாநாயகிக்கு நம் காலத்து அறிவைக் கடன் கொடுப்பது இந்த வகை நாவலில் எல்லாரும் செய்யும் தப்பு. தேதித் தப்பைவிட இது மோசம் என்பேன். தேதித் தப்பு ஒரு பக்கத்தைக் கெடுக்கும். இது பாத்திரத்தையே கெடுத்துவிடும்.

அதற்குப் பதில் ஒன்று தருகிறேன். அந்தக் குடியேறிகள் ஏராளமாகக் காப்பி குடித்தார்கள், குழந்தைகள் உட்பட. பிளாட் ஆற்றுத் தண்ணீர் சேறும் மணலுமாக இருக்கும். காப்பி போட்டால்தான் வாயில் வைக்க முடியும். காப்பிக்குத் தண்ணீர் கொதித்தாக வேண்டும். அது உயிரைக் காக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். உங்கள் தம்பிக்குக் காப்பியின் கசப்பு பிடிக்காமல் இருக்கட்டும். அக்கா தன் தம்ளரை நீட்டுகிறாள். அவன் முகத்தைச் சுளித்துவிட்டு வாளித் தண்ணீரை மொண்டு குடிக்கிறான். அதை ஒரு சின்னக் குறும்பு போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நாற்பது பக்கம் கழித்து அவன் சாகும்போது அவளுக்குக் காரணம் தெரியாது. படிக்கிறவருக்கு வயிற்றைப் பிசையும்.

இனி அந்த நூறு குதிரைகள். உங்கள் தோழி கோபப்பட்டது இதற்காகத்தான் என்று ஊகிக்கிறேன். 1840-க்கும் 1860-க்கும் இடையில் ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் தரைவழியாகப் போனவர்கள் சுமார் 2,50,000 பேர். அந்த இருபது ஆண்டுகளில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர், குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர் என்று வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ கணக்கிட்டார். காலரா கொண்டுபோனது ஆயிரக்கணக்கில். தவறுதலாக வெடித்த சொந்தத் துப்பாக்கி, ஆற்று வெள்ளம், வண்டிச் சக்கரம் எல்லாமே எமன்கள்தான். நடந்த மோதல்களிலும் பெரும்பாலானவை ராக்கி மலைக் கணவாயான சவுத் பாஸுக்கு மேற்கே நடந்தவை. நீங்கள் தாக்குதலை வைத்திருப்பதோ கிழக்கே, பிளாட் சமவெளியில். வண்டிகளை வட்டமாக நிறுத்தியதும் பெரும்பாலும் மாடு ஓடிவிடாமல் இருக்கத்தான்.

"அப்படியானால் அந்த அத்தியாயத்தில் என்னதான் நடக்கும்?" என்பீர்கள். பயம் நடக்கும். பயம் முழுக்க உண்மை. நாட்குறிப்புகள் நிறைய அது இருக்கிறது. இரவுக் காவலில் நின்றவன் இருட்டில் அசைந்ததைச் சுட்டுவிட்டு, விடிந்து பார்த்தால் சொந்தக் கோவேறு கழுதை செத்துக் கிடந்தது என்ற மாதிரிக் கதைகள் அந்தத் தடத்தில் சாதாரணம். மறுநாள் காலை, யாரைப் பார்த்து நடுங்கினார்களோ அவர்களிடமே ஆறு கடக்க உதவி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். ஸ்னேக் ஆற்றங்கரையில் ஷோஷோனிகளிடம் சட்டையைக் கொடுத்து சால்மன் மீன் வாங்கினார்கள். அப்பாவின் சட்டை ஒன்று அப்படிப் போகட்டும். அது யார் தைத்த சட்டை, யாருக்குக் கொடுக்க மனசில்லை, வாங்கிய பெண் அதன் எந்தப் பொத்தானைத் திருகிப் பார்த்தாள்? குதிரைப் பாய்ச்சலைவிட அந்தப் பொத்தான் எனக்கு ஆயிரம் மடங்கு வேண்டும். இன்னொன்று, "செவ்விந்தியர்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். பாவ்னி, லக்கோட்டா, ஷோஷோனி, கயூஸ் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெயர் சொன்னால் கூட்டம் கலைந்து ஆட்கள் தெரிவார்கள்.

நிஜ மனிதர்களைக் கொண்டுவரலாமா என்றால், வரலாம். உயிரோடு இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்சம். உங்கள் நாவலில் 1852 செப்டம்பரில் வையிலாட்பு என்ற கிறிஸ்தவ மிஷனில், அதைக் கணவரோடு நடத்திய நார்சிஸா விட்மன் உங்கள் பெண்ணுக்கு ரொட்டி தருகிறார். நார்சிஸாவும் கணவர் மார்கஸும் 1847 நவம்பர் 29 அன்றே கொல்லப்பட்டுவிட்டார்கள். தட்டம்மை கயூஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொன்றிருந்தது. மருத்துவரான மார்கஸ் கைபட்ட வெள்ளைக் குழந்தைகள் பிழைத்தார்கள், தங்கள் குழந்தைகள் சாகிறார்கள் என்று அவர்கள் பார்த்தார்கள். நஞ்சு வைக்கிறார் என்ற சந்தேகம் எழுந்தது. 1850-இல் ஓரிகன் சிட்டியில் கயூஸ் ஆண்கள் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். உங்கள் குடும்பம் அந்தப் பக்கம் போகத்தான் வேண்டுமென்றால், ரொட்டி வேண்டாம். பாழடைந்த இடத்தையும், அதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசும் நான்கு வாய்களையும் வையுங்கள்.

அதே மிஷனோடு ஒட்டிய இன்னொரு கதை உங்கள் கேள்விக்கு நேரான பதில். 1844-இல் சேகர் என்றொரு குடும்பம் இதே தடத்தில் வந்தது. (நம் சேகர் இல்லை, ஜெர்மானியப் பெயர்.) ஓடும் வண்டியிலிருந்து குதித்த மகள் கேத்தரினின் பாவாடை கோடரிக் காம்பில் மாட்ட, அவள் விழுந்து, சக்கரம் காலில் ஏறியது. அப்பா ஹென்றியே எலும்பைக் கூட்டிக் கட்டினார். பிறகு அவர் காய்ச்சலில் இறந்தார். வழியில் பிரசவித்திருந்த அம்மா நயோமியும் சில வாரத்தில் இறந்தார். ஏழு குழந்தைகள் அநாதை ஆனார்கள். இதிலிருந்து பின்னால் ஒரு கதை கிளம்பியது. மூத்த பையன் தம்பி தங்கைகளைத் தன்னந்தனியாக, ஒரு பசுவோடு, மலையும் காடும் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தான் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. வண்டித்தொடரில் இருந்தவர்கள் அந்த ஏழு பேரையும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஜெர்மானிய மருத்துவர் அவர்கள் வண்டியை ஓட்டினார். கைக்குழந்தை கைமாறிக் கைமாறி வந்தது. விட்மன் தம்பதி ஏழு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். 1847-இல் மூத்த பையன்கள் இருவரும் அதே மிஷனில் கொல்லப்பட்டார்கள்.

வீரப் பையன் கதையில் ஒருவன்தான் நல்லவன். நிஜக் கதையில் பெயர் தெரியாத இருபது பேர் நல்லவர்கள். முன்னதை எழுதியவர் வெறும் தேதியையா மாற்றினார்? பால் கொடுத்த பெண்களை அல்லவா அழித்தார்! ஒன்றை இட்டுக்கட்டும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதனால் யாருடைய கை காணாமல் போகிறது? யார் கையும் போகவில்லை என்றால் தாராளமாகக் கட்டுங்கள். கட்டுக்கதையே வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. தீ மூட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு வாயாடிக் கிழவர் அதைச் சொல்லட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவர், "ஒரு கைக்குழந்தை பால் இல்லாமல் எப்படி வந்தது?" என்று கேட்கட்டும்.

ஆவணம் வாய் மூடிக்கொள்ளும் இடங்களைத் தேடிப் போங்கள். அமீலியா நைட் என்ற பெண் 1853 ஏப்ரலில் கணவர், ஏழு குழந்தைகளோடு அயோவாவிலிருந்து ஓரிகன் போனார். நாள் தவறாமல் குறிப்பு எழுதினார். மழை, சேறு, துணி துவைத்தது, செத்த மாடு எல்லாம் இருக்கும். ஒரு நாள் லூசி என்ற மகளை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்; சில மைல் போகும்வரை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதும் இருக்கும். இல்லாதது ஒன்றுதான். பயணம் நெடுக அவர் கர்ப்பிணி. கடைசிக் குறிப்பில் எட்டாவது குழந்தை பிறக்கும்போதுதான் படிப்பவருக்கு அது தெரிகிறது. அந்தக் காலத்துப் பெண்கள் அதை எழுத மாட்டார்கள், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். உங்கள் அம்மா பாத்திரம் வண்டியிலிருந்து இறங்கும்போது ஒரு கணம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று எழுதவில்லை. நீங்கள் தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, எனக்குப் புரிந்தது. அப்படியே விடுங்கள்.

டானர் குழுவில் பேட்ரிக் பிரீன் 1846 நவம்பர் 20 முதல் 1847 மார்ச் 1 வரை எழுதிய குறிப்பையும் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் காற்று, பனி, விறகு. பிப்ரவரி 26 அன்று, மர்ஃபி என்ற பெண்மணி, இறந்துகிடந்த மில்ட் என்ற ஆளைத் தின்னத் தொடங்கலாம் என்று நினைப்பதாக நேற்று இங்கே வந்து சொன்னார் என்று எழுதுகிறார். இன்னும் செய்திருக்க மாட்டார் என்று நினைப்பதாகவும், இது வேதனையாக இருக்கிறது என்றும் சேர்க்கிறார். அவ்வளவுதான். அலறல் இல்லை, அடைமொழி இல்லை. உங்கள் தம்பி சாகும் இடத்தில் நான் எண்ணிய அடைமொழிகள் பதினொன்று.

மொழி பற்றிச் சுருக்கமாக. மிசூரிப் பாட்டி "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று சொல்வது வேண்டாம். அவருக்கு ஆடி தெரியாது. பேச்சுத் தமிழ் இருக்கட்டும், வட்டார வாசனை மட்டும் வேண்டாம். மைல், பவுண்டு, டாலர் அப்படியே இருக்கட்டும்.

கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். வில்லமெட் பள்ளத்தாக்கில் சூரியன் உதிக்கிறது, குடும்பம் முழங்காலிட்டுத் தொழுகிறது, முற்றும். இங்கே உண்மை உங்களுக்காக ஒரு கதையை வைத்துக்கொண்டு காத்திருந்தது, நீங்கள் பார்க்காமல் போய்விட்டீர்கள். 1850-இல் வந்த நிலக்கொடைச் சட்டப்படி, அந்த ஆண்டு டிசம்பருக்குப் பிறகு ஓரிகன் வந்து சேர்ந்த வெள்ளை ஆணுக்கு 160 ஏக்கர் கிடைக்கும். கல்யாணம் ஆனவன் என்றால் 320 ஏக்கர், பாதி மனைவி பெயரில். ஆக, ஒரு மனைவி என்றால் 160 ஏக்கர் கூடுதல். 14, 15 வயதுப் பெண்களையெல்லாம் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். உங்கள் பெண்ணுக்கு என்ன வயது? அவள் இன்னும் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவியிருக்க மாட்டாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது வயது ஆள் ஒருவன் அப்பாவைப் பார்க்க வந்து நிற்பான். தம்பியை இழந்து, மாட்டில் பாதியை இழந்து, மவுன்ட் ஹூட் அடிவாரத்தில் பார்லோ சாலைக்கு வண்டிக்கு 5 டாலர் சுங்கம் கட்டிக் கை வெறுமையாகி வந்த அப்பா என்ன சொல்வார்? அன்றைக்கு அவள் வண்டியின் எந்தப் பக்கம் நிற்பாள்?

அந்த நிலம் யாருடையது என்பதும் அங்கேயே இருக்கிறது. கலபூயா மக்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1855-இல். அதற்கு முன்பே அவர்கள் பூமியை ஏக்கர் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. இதை நீங்கள் பிரசங்கம் பண்ண வேண்டாம். வேலி போட அப்பா குழி தோண்டும்போது பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண் நிமிர்ந்து பார்க்கட்டும்.

புத்தகத்தின் பின்னால் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். குடும்பம் கற்பனை, இன்னின்ன சம்பவம் பலருடைய நாட்குறிப்புகளில் இருந்து எடுத்தது, இந்த இடத்தில் தேதியை இரண்டு வாரம் நகர்த்தினேன் என்று வெளிப்படையாக. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். சமையல்காரர் என்ன போட்டேன் என்று சொல்கிற மாதிரிச் சொன்னால் போதும்.

கடைசியாக அந்தப் புதைகுழிக் கணக்கு. வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் இல்லை என்கிறீர்கள், முக்கால்வாசி இருக்கிறது. அன்றன்று கடந்த புதைகுழிகளை எண்ணி எழுதிய பெண்கள் பலர். 1852 காலரா கடுமையாக அடித்த வருஷமும்கூட. இன்னொன்றும் உங்களுக்குச் சாதகம். ஓநாய் தோண்டிவிடும் என்று பயந்து பாதையிலேயே குழி வெட்டிப் புதைத்து, அடையாளமே தெரியாதபடி அதன் மேல் வண்டிகளை ஓட்டிப் போனதும் உண்டு. தம்பியை அப்படிப் புதைக்கட்டும். கடைசி வண்டி போனபின் அவள் திரும்பிப் பார்த்தால் அங்கே குழியே இருக்காது, சக்கரத் தடம்தான் இருக்கும். கண்ணால் பார்த்ததைத்தானே அவள் தினமும் எண்ணுகிறாள்? பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது என்று எழுதுவாள். அதற்குக் கீழே "அவனை என்னால் எண்ண முடியவில்லை" என்று ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில், அன்றைக்கு எத்தனை மைல் போனார்கள் என்று எழுதட்டும்.